வெறுங்கைத் தூண்டில்

இறாலின் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு உடம்பைத் தூண்டில் முள்ளில் கோத்துக்கொண்டிருந்தபோது பிரகாசிக்கு அந்த நினைப்பு வந்தது, இவனைக் கொன்றுபோட்டால்தான் என்ன. வந்த வேகத்தில் அவளுக்கே சிரிப்பாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சத்துணவுச் சாம்பார் கிண்டுகிற பொம்பளை, ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை பார்த்து நன்மை அப்பம் வாங்கின நாக்கு இன்னும் காயவில்லை, அதற்குள் கொலை. சிரிப்பு அடங்கியது, நினைப்பு அடங்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில், ஒரு பாறை தள்ளி, மருமகன் ஜெர்சன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெண்டாட்டியைக் கூட்டிப்போக வந்திருக்கிறான், அதனால் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய், வாயில் மாமி மாமி. மகள் விண்ணரசி வீட்டில் இருக்கிறாள். அவள் பை கதவோரம் இருக்கிறது, நேற்று அவளே துணிகளை மடித்து வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். போ என்று அம்மா சொன்னால் போவாள், இரு என்றால் இருப்பாள், தானாக வாய் திறக்க மாட்டாள். பங்குச் சாமியார் இரண்டு பேரையும் உட்காரவைத்து, குடும்பம் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் பேசியாகிவிட்டது. பிரகாசியின் புருஷன் காஸ்பர் கிழிந்த வலையைத் தைக்கிற சாக்கில் குனிந்த தலை நிமிராமல், "நீ பாத்து வச்ச மாப்பிள்ளதான, நீயே பேசி முடி" என்று கழன்றுகொண்டான். பேசி முடிக்கத்தான் இவனை இங்கே அழைத்துவந்திருக்கிறாள். வீட்டில் வைத்துப் பேச முடியாது, சுவருக்கு அந்தப் பக்கம் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "ஒரு தூண்டி போட்டுட்டு வருவமா மருமவனே" என்று கேட்டபோது அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. மீன்பிடி என்றால் அவனுக்கு உயிர். அவளுக்கும் உயிர். இந்த ஒன்றில் மட்டும் இரண்டு பேரும் ஒரே சாதி, அதுதான் வயிற்றெரிச்சல்.

கடல் கரையைத் தின்னாமல் இருக்க அரசாங்கம் கல்லைக் கொட்டி வைத்த தூண்டில் வளைவு அது. ஊருக்குத் தெற்கே தொடங்கி, மடக்கின கை மாதிரி கடலுக்குள் வளைந்து போகும். நுனியில் நல்ல ஆழம், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஆள் நுழைகிற பொந்துகள், அவற்றுக்குள் அலை போய் முட்டி மூச்சு வாங்கித் திரும்பும். ஞாயிற்றுக்கிழமை ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை, ஆகையால் கண்ணுக்கெட்டின தூரம் ஒரு வள்ளம் இல்லை, கல்லின் மேல் ஒரு மனிதர் இல்லை. டவுனிலிருந்து சில சமயம் பையன்கள் வருவார்கள், மடக்குக் கம்பு, அதில் சக்கரம், சக்கரத்தில் பல நிறத் தூண்டில் நரம்பு, பெட்டி நிறையப் பொய் மீன்கள், தலையில் தொப்பி. அவர்களைப் பார்த்தால் பிரகாசிக்குப் பாவமாக இருக்கும். மீன் கடிப்பது அவர்களுக்குக் கம்பின் நுனி ஆடுவதில்தான் தெரியும், கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அவளிடம் இருப்பது ஒரு காலித் தண்ணீர் பாட்டிலில் சுற்றின நைலான் நரம்பு, ஒரு முள், பாரத்துக்குச் சைக்கிளிலிருந்து கழற்றின ஒரு நட்டு. தூக்குவாளிக்குள் எல்லாம் அடங்கிவிடும், மேலே இறாலும் சின்னக் கத்தியும். நரம்பை ஆள்காட்டி விரலின் மேல் போட்டுக் கட்டைவிரலால் தொட்டும் தொடாமலும் பிடித்தால் போதும், கடலின் அடி முழுக்க விரலுக்கு வந்துவிடும். இது நண்டு, அது பிடுங்கிப் பார்க்கும். இது பொடிமீன், குத்திக் குத்தி ஓடும். இது வெறும் நீரோட்டம், சும்மா ஒரு ரீங்காரம். கண்ணை மூடிக்கொண்டே அவளால் சொல்ல முடியும். நடுவில் எதுவும் இல்லை, அவள் தோல், அந்த நரம்பு, அந்தப் பக்கம் ஒரு வாய். பூசையில் கண்ணை மூடினால் வராத அமைதி இதில் வரும். பொம்பளைக்கு எதற்குத் தூண்டில் என்று ஊர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டது. அவளும் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, வாரத்துக்கு ஒரு தடவை இந்தக் கல்லுக்கு வராவிட்டால் வீட்டில் யாரையாவது கடித்துவிடுவாள், அது காஸ்பருக்கும் தெரியும்.

"பாரம் தரை தொட்டுட்டு மாமி. இங்கன மணலு, அந்தால கல்லு. சரியா?" என்றான் ஜெர்சன், கண்ணை மூடிக்கொண்டு. விரலின் மேல் நரம்பு. அவள் கொடுத்த நரம்பு. வெறுங்கையோடு வந்தவனுக்குத் தன் வாளிக்குள் தேடி ஒன்றை எடுத்து, முள்ளும் பாரமும் கட்டிக் கொடுத்தாள். "சரிதான் மருமவனே" என்றாள். சரியாகத்தான் சொல்கிறான், பாவி. இந்த விரலைப் பார்த்துத்தானே மயங்கினாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, கொடி ஏறுவதற்கு நேரம் கிடக்கிறதே என்று பழைய மீன்பிடிப் பாலத்தில் நடந்தவள் அங்கே இவனைப் பார்த்தாள். கம்பு இல்லை, சக்கரம் இல்லை, விரலில் நரம்பு மட்டும். ஏதோ ஒன்று கொத்திக்கொண்டிருந்தது, அவளுக்கு அது நரம்பின் துடிப்பிலேயே தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் இழுத்திருப்பான். இவன் இழுக்கவில்லை. கொத்தட்டும் என்று விட்டான், கொஞ்சம் நரம்பை நழுவவும் விட்டான், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அப்புறம் சின்னதாக ஒரு சுண்டு. நல்ல ஊளி மீன், முழங்கை நீளம். அன்றைக்கே காஸ்பரிடம் வந்து சொன்னாள், "பொறுமையான கை. இந்தக் கை பொம்பளப் பிள்ளய அடிக்காது." ஊரில் மற்றவர்கள் மாப்பிள்ளை பார்ப்பதென்றால் வீட்டைப் பார்ப்பார்கள், வள்ளத்தைப் பார்ப்பார்கள், குடிக்கிறானா என்று நாலு பேரிடம் விசாரிப்பார்கள். பெரிய மேதாவி இவள், விரலைப் பார்த்தாள். ஐஸ் கம்பெனியில் மெக்கானிக் வேலை, குடி இல்லை, சத்தம் போட்டுப் பேசக்கூடத் தெரியாது. விண்ணரசி கொஞ்சம் தயங்கினாள். தயங்கின பிள்ளையிடம் இவள்தான் அந்த ஊளிக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள், சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் தன் வாயிலேயே ஓங்கி ஒன்று வைக்கத் தோன்றுகிறது.

மகள் போன மாதம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள், சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றாள். நடை சரியில்லை. சுடுமணலில் நடக்கிறவள் மாதிரி, பாதத்தின் ஓரத்தை ஊன்றி ஊன்றி. செருப்பு கடித்துவிட்டது என்றாள். மத்தியானம் அசந்து தூங்கும்போது பாயின் ஓரத்தில் பாதம் நீட்டிக்கொண்டு கிடந்தது, பிரகாசி பார்த்தாள். உள்ளங்கால் இரண்டும் வரிவரியாக, பழையது பச்சையும் மஞ்சளுமாக, புதியது ஊதாவாக, ஒன்றின் மேல் ஒன்று. வெளியே தெரியாத இடம் பார்த்து அடித்திருக்கிறான். எவ்வளவு யோசனை. எழுப்பி உட்காரவைத்துக் கேட்டபோது விண்ணரசி அழவில்லை, கடைக்குப் போய் வந்த கணக்கைச் சொல்கிறவள் மாதிரி சொன்னாள். "திங்கக்கிழமை கொழம்புல உப்பு கூடிட்டும்மா. அவிய ஒண்ணும் சொல்லல. வெள்ளிக்கிழமை பாத்துக்கிடலாம்னாவ. அதுக்குப் பொறவு நல்லாத்தான் இருந்தாவ. பூ வாங்கிட்டு வந்தாவ. படத்துக்குக் கூட்டிட்டுப் போனாவ. வெள்ளிக்கிழமை சாப்புட்டுட்டு, கை கழுவிட்டு வந்து, காலை நீட்டுன்னாவ." மர அளவுகோல். கோபமே இல்லையாம். "அடிகூடப் பரவால்லம்மா. அந்த நடுவுல உள்ள நாளுதான். பூவைத் தலையில வச்சிக்கிட்டு வெள்ளிக்கிழமைய நெனச்சிக்கிட்டே இருக்கணும்லா." பிரகாசிக்கு அப்போது புரிந்தது. அவளுக்குத் தெரிந்த பொறுமை அது. கொத்தட்டும், மெல்லட்டும், கொஞ்சம் நரம்பை விட்டுக்கொடு, அது நிம்மதியாக விழுங்கும் வரை விரல் அசையக்கூடாது. சாமியாரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு விளங்கவில்லை, உப்பு ஒரு காரணமா என்றுதான் கேட்டார். காஸ்பருக்கும் விளங்கவில்லை. குடித்துவிட்டு வந்து அடிக்கிறவனை அவர்களுக்குத் தெரியும், காத்திருந்து அடிக்கிறவனைத் தெரியாது. தூண்டில் போடுகிறவளுக்குத்தான் தெரிகிறது. தெரிந்து என்ன, தெரிய வேண்டிய அன்றைக்குத் தெரியவில்லையே.

அவள் விரலில் ஏதோ தட்டியது. பொடிமீன் இல்லை, ஒரு தட்டு, நிதானமாக இன்னொரு தட்டு. நெஞ்சு குளிர்ந்துவிட்டது, இந்த நேரத்திலும் குளிர்கிறது, மானங்கெட்ட நெஞ்சு. மகளும் பையும் ஒரு நொடி காணாமல் போய் உலகமே அந்த விரல் நுனிக்கு வந்துவிட்டது. விடு, விடு, கொஞ்சம் விடு, இப்போது. சுண்டினாள். அந்தப் பக்கம் ஒரு உயிர் திடுக்கிட்டுத் திமிறியது, திமிறல் நேராக உள்ளங்கைக்கு வந்தது, தோள் வரை இனித்தது. கை மாற்றிக் கை மாற்றி இழுத்துக் கல்லின் மேல் போட்டாள், ஒரு கெழங்கான், வெள்ளி உடம்பு, வாயோரம் முள் துருத்திக்கொண்டிருந்தது. மற்றவர்கள் மீனைச் சாகவிட்டு எடுப்பார்கள். அவள் செவுளுக்குள் விரலை விட்டுப் பிடித்துத் தலையைக் கல்லில் ஒரே போடு போடுவாள். போட்டாள். இன்றைக்கு ஒன்றோடு நிற்கவில்லை, இரண்டாவது போட்டாள், மூன்றாவது, மண்டை நசுங்கிக் கண் தெறித்து விரலில் ரத்தமும் சளியும் வழிந்த பிறகும் கை ஓங்கித்தான் இருந்தது. ஜெர்சன் பார்த்துக்கொண்டிருந்தான். "பாத்து மாமி, மீனு கூழாயிரும்" என்று சிரித்தான். அவள் சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்தாள். இவன் மண்டை எவ்வளவு கெட்டி இருக்கும். கெழங்கான் மண்டையைவிடக் கெட்டி, தேங்காயைவிடக் கெட்டி இல்லை. பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினால் அந்தப் பாசிப் பாறையில் முகம் முதலில் போய் விழும், பல் சிதறும், அப்புறம் அந்தக் கஞ்சிச் சட்டை பொந்துக்குள் ஒருமுறை உப்பி வெளியே வரும். பாறை வழுக்கிவிட்டது என்று ஊரே சொல்லும். வருஷத்துக்கு ஒருவன் வழுக்கத்தானே செய்கிறான். போலீஸ் வரும், எழுதிக்கொண்டு போகும். காஸ்பர் தலை நிமிராமல் வலையைத் தைப்பான். கோயிலில் மணி அடிப்பார்கள், விண்ணரசி கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு, பாதம் முழுசாக ஊன்றி நடப்பாள். இவ்வளவு நீளமாக நினைத்துவிட்டோமே என்று அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அது பசி மாதிரி இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறாள், எதிர்வீட்டுக்காரியைத் திட்டினது, சத்துணவு முட்டையில் ஒன்றிரண்டு வீட்டுக்கு எடுத்துவந்தது. மீனின் மண்டையைப் போடும்போது உடம்பில் ஓடுகிற அந்த இனிப்பை மட்டும் சொன்னதில்லை. அதற்கு என்ன பெயர் என்று தெரிந்தால் அல்லவா சொல்வதற்கு. இவனுக்கும் வெள்ளிக்கிழமைகளில் அதுதான் ஓடுகிறதோ. காலை நீட்டு என்று சொல்லும்போது.

"மாமி" என்றான் அவன், விரலை அசைக்காமல், கடலைப் பார்த்துக்கொண்டே. "அப்ப மத்தியானம் பஸ்ஸுக்கு அவள கூட்டிட்டுப் போயிருதேன். சரியா?" கேட்கிற தொனியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிரகாசி வேறொரு இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளினாள். "ஒரு மீனு நீங்களும் புடிங்க மருமவனே. பொறவு பேசுவோம்." "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல மாமி" என்றான். "நான் இருப்பேன். இன்னைக்கு இல்லாட்டா அடுத்த ஞாயித்துக்கெழம. அவளுக்கும் தெரியும், நான் அவசரப்பட மாட்டேன்." சொல்லிவிட்டு அவளைப் பார்த்துப் புன்னகை செய்தான். அழகான பல். தெரிந்துதான் சொல்கிறான், இவளுக்குத் தெரியும் என்று தெரிந்து சொல்கிறான், இப்போது இவளையும் பூ வைத்துக்கொண்டு உட்காரச் சொல்கிறான். ஞாயிறு ஞாயிறாக வருவான், நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருவான், ஊருக்கு இவள்தான் மகளை வாழவிடாத சண்டைக்காரி. கடைசியில் ஒரு நாள் மகள் தானாகவே பையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்குவாள். அப்போதுதான் அவன் கையில் இருந்த நரம்பு அவள் கண்ணில் பட்டது. தடித்த நரம்பு. சுறாவுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் கழித்துவிட்ட துண்டு, காஸ்பர் எங்கிருந்தோ கொண்டுவந்தது, துணி காயப்போட உதவும் என்று வாளிக்குள் கிடந்தது. மெல்லிசு நரம்பு இன்னொன்றும் வாளிக்குள் இருக்கிறது. பெரிய மீன் எடுத்தால் மெல்லிசு அறுந்துபோகும், மீனுக்கும் நல்லது மனிதனுக்கும் நல்லது. இது அறாது. ஏன் இதை எடுத்துக் கொடுத்தாள்? கைக்கு முதலில் இது அகப்பட்டதா? இல்லை, மெல்லிசைத் தொட்டுவிட்டுத்தான் இதை எடுத்தாள். தொட்டாளா? தொட்டது நினைவில் இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இப்போது யோசிப்பதால் உண்டான மாதிரியும் இருக்கிறது. மாற்றிக் கொடுத்துவிடலாம், இதோ வாளி, இதோ கை. கை போகவில்லை.

அவன் கன்னத்துத் தசை இறுகியதிலிருந்து அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ எடுத்திருக்கிறது. அவன் காத்திருந்தான். அவளும் காத்திருந்தாள். கொஞ்சம் நழுவவிட்டான், இன்னும் கொஞ்சம், அப்புறம் சுண்டினான், சுண்டின கை அப்படியே முன்னால் போய் நின்றது. பாரை மீன். வேறெதுவும் இப்படி இழுக்காது, தலையை ஆழத்துக்குக் குத்திக்கொண்டு மாட்டைப் போல இழுக்கும். "மாமி, பெருசு மாமி" என்றான், குரல் பையன் குரலாகிவிட்டது. எழுந்து நின்று ஒரு பாறை கீழே இறங்கினான், இன்னொரு பாறை, பாசி படிந்த பாறை. நரம்பு ஈரமாகி உள்ளங்கையில் வழுக்கியது. அப்போது அவன் அதைச் செய்தான். கம்பு இல்லாமல் தூண்டில் போடுகிறவர்கள் யாரும் செய்யக்கூடாததை, ஆனால் எல்லோருக்கும் ஒருமுறையாவது கை பரபரக்கிறதை. பிடி கிடைக்கட்டும் என்று நரம்பை இடது கையில் ஒரு சுற்று, இரண்டு சுற்று சுற்றிக்கொண்டான். சுத்தாதீங்க என்று அவள் வாய் திறந்தது. திறந்தது நிஜம். சத்தம் வந்ததா? வந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. பாரை திரும்பிக் கல்லின் அடிப்பொந்துக்குள் பாய்ந்தது, கயிறு கட்டி இழுத்த மாதிரி அவன் கை கீழே போக, கையின் பின்னால் உடம்பு போனது. மார் பாறையில் மோதின சத்தம் நன்றாகக் கேட்டது. இரண்டு கல்லுக்கு நடுவே இருந்த சந்துக்குள் இடது கை முழங்கை வரை போய்ச் சிக்கிக்கொண்டது, அடியில் மீன் இழுத்துக்கொண்டே இருந்தது. அலை வந்து அவன் தலையை மூடியது, மூடிக் கொஞ்ச நேரம் நின்று, வடிந்தது. அவன் காறி உமிழ்ந்துவிட்டு, "கத்தி" என்றான். "மாமி, கத்தி."

கத்தி அவள் கையில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியாது, கீழே இறங்கி வந்ததும் தெரியாது, அவன் தலைக்கு மேலே உள்ள பாறையில் குந்தியிருந்தாள். மேலிருந்து பார்க்கச் சந்துக்குள் அவன் கை தெரிந்தது, நரம்பு விரல்களுக்கு நடுவே தோலை அறுத்துச் சதைக்குள் புதைந்திருந்தது, வெள்ளையாக ஏதோ தெரிந்தது, எலும்பாகத்தான் இருக்கும். கைக்கும் பொந்துக்கும் நடுவே ஒரு சாண் நரம்பு விறைத்துக்கொண்டு நின்றது. அங்கே கத்தியை வைத்தால் போதும், தொட்டாலே அறுந்துவிடும். "வெட்டுதேன்" என்றாள். வெட்டவில்லை. அடுத்த அலை வருவது அவளுக்குத் தெரிந்தது, வந்து அவனை மூடியது, வெள்ளைச் சட்டை தண்ணீருக்குள் உப்பியது, அவள் நினைத்துப் பார்த்த அதே உப்பல். வடிந்தது. மூக்கிலிருந்து ரத்தமும் தண்ணீருமாக வழிய அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. கெட்டிக்காரன், அவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. "மாமி" என்றான், மெதுவாக. அவள் அடுத்த அலையைப் பார்த்தாள். பெரிதாக வருகிறது. திங்கள், செவ்வாய், புதன் என்று அவளுக்குள் யாரோ சொல்லிக்கொண்டே போனார்கள். அலை இறங்கினால் என்ன, இன்னொன்று வரும், கடலுக்கு வேறு என்ன வேலை. அவளுக்கு அவசரமே இல்லை. உடம்பு முழுக்க ஓர் இளஞ்சூடு பரவியிருந்தது, கால் வலி இல்லை, இடுப்பு வலி இல்லை, இத்தனை வருஷத்தில் இவ்வளவு சௌகரியமாக அவள் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. பழக்கத்தில் விரல் தானாகப் போய் அந்த விறைத்த நரம்பின் மேல் படிந்தது. கீழேயிருந்து மீனின் துடிப்பு வந்தது. மேலேயிருந்து அவன் கையின் துடிப்பு வந்தது. இரண்டும் அவள் விரலுக்கு அடியில் ஒன்றாகக் கலந்தன, எது மீன் எது மனிதன் என்று அவளால் பிரிக்க முடியவில்லை, இனித்தது, அய்யோ, எவ்வளவு இனித்தது. மாதாவே, இது நான்தானா என்று கேட்டாள். மகளின் பாதம் இல்லை, பை இல்லை, நியாயம்கூட இல்லை, விரலும் அந்த நடுக்கமும் மட்டும்தான் இருந்தன. இன்னும் கொஞ்சம் இருந்தால் இவள் இந்த இனிப்புக்காகவே இருந்துவிடுவாள். அலை அவனை மூன்றாவது முறை மூடியபோது தண்ணீருக்குள் கையை விட்டு அறுத்தாள்.

அவன் மேலே ஊர்ந்து வந்து விழுந்தான். நெடுநேரம் இருமினான், வாந்தி எடுத்தான். அவள் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கீழே போட்டாள், அவனே வலது கையாலும் பல்லாலும் இடது கையைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். துணி உடனே சிவந்தது. இரண்டு விரல் மடங்க மறுத்தன, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவை மடங்குமா என்பது சந்தேகம்தான். ஆனாலும் அளவுகோல் பிடிக்கலாம், அவன் வலது கைக்காரன் அல்லவா. அவள் ஒரு அடி தள்ளி நின்றாள். கிட்டப் போக அவளுக்குப் பயமாக இருந்தது, அவனைப் பற்றின பயம் இல்லை அது. மேட்டுப் பாறையில் கெழங்கான் மண்டை இல்லாமல் கிடந்தது, ஒரு காக்கா வந்து அதைச் சுற்றி நடந்தது.

"சத்தம் குடுத்தேன்லா மாமி" என்றான் அவன் கடைசியில். "கேட்டீங்கல்லா."

"கேட்டுச்சி மருமவனே."

"வெட்டாம இருந்தீங்க."

"இருந்தேன்."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான், மறுபடி உட்கார்ந்தான். ஒருமுறைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "கொன்னுருப்பீங்களா மாமி?"

பிரகாசி யோசித்தாள். பொய் சொல்ல வாய் வந்தது, இல்லை மருமவனே, பதட்டத்தில் கை ஓடவில்லை என்று சொன்னால் இவன் நம்பக்கூடச் செய்வான். நம்பி அடுத்த ஞாயிறு வருவான். ஆமாம் என்று சொன்னால் அதுவும் பொய்யாகலாம்.

"தெரியல மருமவனே" என்றாள். "நெசமாத்தான் சொல்லுதேன், எனக்கே தெரியல. தெரியாததுனாலதான் கேட்டுக்கிடுதேன், அவள கூப்புட இனிமே இந்த ஊருக்கு வராதீங்க. இன்னொரு தடவ நீங்க என் பக்கத்துல இப்படி இருந்தா, நான் என்ன செய்வேன்னு எனக்குத் தெரியாது."

அவன் தலையை ஆட்டினான். அப்புறம் எழுந்து, கட்டின கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகக் காலால் தட்டிப் பார்த்து நடந்தான். ஊர்ப் பக்கம் திரும்பவில்லை, ரோட்டுப் பக்கம் போனான். வளைவைத் தாண்டி மணலில் இறங்கின பிறகுதான் திரும்பிப் பார்த்தான், அவள் அதே இடத்தில் நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டான். அவன் ரோட்டில் ஏறி மறையும் வரை அவள் அசையவில்லை. வீட்டுக்குப் போக வேண்டும், அந்தப் பையின் ஜிப்பைத் திறந்து துணிகளை வெளியே எடுத்துவைக்க வேண்டும், சாமியாருக்கு என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும். வாளியை எடுக்கக் குனிந்தபோதுதான் வலது கையில் கத்தி இன்னும் இருப்பதைப் பார்த்தாள். வாளிக்குள் போட நினைத்தாள், விரல்கள் திறக்கவில்லை. இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்து அதை எடுத்தாள்.